அடினோசினுக்கு இறங்காத நாடித்துடிப்பு: யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாண மாவட்டத்திலுள்ள ஓர் அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் கடமையில் இருந்தபோது நடந்தது இது. நோயாளியும் குடும்பத்தாரும் எழுத ஒப்புதல் தந்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். மருந்துகள், அளவுகள், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை ஆகியவற்றில் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

நோயாளி அறுபது வயதைக் கடந்த தோட்டக்காரர். வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். இளவயதிலிருந்தே சுருட்டுப் பழக்கம். நாளுக்கு ஏழெட்டுச் சுருட்டு. பல வருடங்களாக மூச்சு முட்டும் இழுப்பும் இருந்தன. கிளினிக் கொப்பியில் ‘தொய்வு’, அதாவது ஆஸ்துமா, என்று எழுதப்பட்டிருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் 250 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் குளிசை காலையும் மாலையும், தேவைப்படும்போது சல்பியூட்டமோல் பம்ப். இந்த மருந்துகளும் அளவும் நெடுங்காலம் மாறவில்லை.

வைத்தியசாலைக்கு வருவதற்கு ஐந்து கிழமைக்கு முன்னர் அவர் சுருட்டை அடியோடு விட்டார். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டு வந்த ஆலோசனைதான். பேரப்பிள்ளை பிறந்த கிழமையில் அதைக் கேட்டு நடந்தார். அவரது நுரையீரலுக்கு அதைவிட நல்லது வேறொன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதைப் படித்துவிட்டு யாரும் சுருட்டை விட்டதுதான் பிழை என்று எண்ணிவிடக்கூடாது.

விட்ட இரண்டாவது கிழமையிலிருந்து நித்திரை குறைந்தது. பிறகு கைநடுக்கம், ஓங்காளம், சாப்பாட்டில் மனமில்லாமை. வீட்டில் எல்லோரும் அதைச் சுருட்டை விட்ட அந்தரம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே நம்பினார். இதற்கிடையில் சிறுநீர் கழிக்கும்போது எரிவு வந்தது. வெளியே ஓரிடத்தில் காட்டி சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 500 மில்லிகிராம் இருவேளை எடுக்கத் தொடங்கினார். எங்களிடம் வந்த அன்று அந்தக் குளிசையின் ஐந்தாம் நாள்.

வந்தபோது கண்டவை

மழைக்காலத்து மாலை, ஆறரை மணியளவில், மகளும் மருமகனும் ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். ஒரு மணித்தியாலமாக நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று. பேச்சில் தெளிவு இருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 186. குருதி அமுக்கம் 108/70. ஒட்சிசன் செறிவு 93 வீதம். நெஞ்சின் இரு பக்கமும் மெல்லிய இழுப்பு. விரல்களில் நுண்ணிய நடுக்கம்.

இசிஜி ஒழுங்கான, ஒடுங்கிய அலைகளைக் காட்டியது. பி அலை தெரியவில்லை. நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளில் அடிக்கடி காணும் ஒழுங்கற்ற வேகத் துடிப்பாக இருக்குமோ என்று நீளமான ஒரு நாடாவை எடுத்துப் பார்த்தோம். இடைவெளிகள் அனைத்தும் ஒரே அளவாகவே இருந்தன. சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள கணுவைச் சுற்றி மின்கணத்தாக்கம் வட்டமடிக்கும் வகை என்று முடிவு செய்தோம்.

முதலில் மருந்தில்லாத வழி. பத்து மில்லிலீற்றர் சிறிஞ்சின் தண்டு அசையும்வரை பதினைந்து வினாடி ஊதச்செய்து, உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்தும் முறை. 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் இந்தத் திருத்திய முறை 43 வீதமானோரில் பலித்தது. காலை உயர்த்தாத பழைய முறை 17 வீதமானோரில்தான். எங்கள் நோயாளியால் ஐந்து வினாடிக்கு மேல் மூச்சை அடக்க முடியவில்லை. இரண்டு தரம் முயன்று விட்டோம்.

முதல் முடிவு: அடினோசின்

அடுத்தது, இந்த வகைத் துடிப்பை நிறுத்த நாளத்தில் செலுத்தும் மருந்தான அடினோசின். இழுப்பு உள்ளவருக்கு அதைக் கொடுப்பதில் தயக்கம் இருந்தது. அது மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். உண்மையான ஆஸ்துமாவில் தவிர்க்க வேண்டிய மருந்து. ஆனால் நாற்பது வருடச் சுருட்டும் நெஞ்சின் அமைப்பும் இவருடையது புகையால் வந்த நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றே சொல்லின. நெபுலைசரையும் அதிர்ச்சி கொடுக்கும் கருவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூத்த வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு 6 மில்லிகிராம் செலுத்தினோம். முழங்கை மடிப்பில் பெரிய ஊசி, உடனே 20 மில்லிலீற்றர் சேலைன், கையை உயர்த்திப் பிடித்தல் எல்லாம் முறைப்படி.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து 12 மில்லிகிராம். மீண்டும் ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அடினோசின் துடிப்பை நிறுத்தத் தவறுவது புதிதல்ல. ஆனால் தவறும்போதும் அது தடயம் விட்டுப் போகும்: முகம் சிவக்கும், நெஞ்சை அழுத்துவது போலிருக்கும், ‘செத்துப்போகப் போறன்’ என்ற பயம் ஒரு கணம் வந்து போகும், இசிஜியில் ஓரிரு துடிப்பாவது தடுமாறும். இவரிடம் எதுவும் இல்லை. நான் ஊசியில்தான் பிழை என்று நினைத்து அதைத் திரும்பச் சோதித்தேன். ஊசி சரியாக இருந்தது. அருகில் நின்ற அனுபவமுள்ள தாதி சொன்னார்: “டொக்டர், இவருக்கு ஒண்டுமே செய்யேல்லை. முகம் கூடச் சிவக்கேல்லை. என்ன குளிசை போடுறார் எண்டு பாப்பமே?”

அந்தக் கேள்வியை நான் முதல் ஊசிக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

அந்த மூலக்கூறு இதயத்திடம் என்ன சொல்கிறது

அடினோசின், பியூரின் எனப்படும் நைதரசன் வளையச் சேர்வைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாங்கள் போத்தலில் வாங்குவதற்கு முன்னரே எல்லா உடல்களிலும் இருப்பது. கலத்துக்குள் ஏ.ரி.பி எனும் அடினோசின் முப்பொசுபேற்று சக்தியின் நாணயம் என்று பாடசாலையில் படித்திருப்போம். அதே ஏ.ரி.பி கலத்துக்கு வெளியே வந்தால் அதன் வேலை மாறிவிடுகிறது. அங்கே அது செய்தி. கலம் நசுங்கும்போது, இழுபடும்போது, ஒட்சிசன் குறையும்போது, நரம்பு முனை தூண்டப்படும்போது அது வெளியே கசிகிறது. கல மென்சவ்வின் வெளிப்புறத்திலுள்ள சிடி39 என்னும் நொதியம் பொசுபேற்றுகளை வெட்டி ஏ.எம்.பி ஆக்க, சிடி73 கடைசிப் பொசுபேற்றையும் எடுத்து அடினோசினாக்குகிறது. பெரும்பாலான இடங்களில் ஏ.ரி.பி ‘ஆபத்து’ என்று கூவினால், அதிலிருந்து பிறக்கும் அடினோசின் ‘மெல்லப் போ’ என்கிறது. ஒரே மூலக்கூறு உடைந்து போகும் வழியிலேயே தன் செய்தியை மாற்றிக்கொள்வது என்னை இன்றும் வியக்கவைக்கும் விடயம்.

1929இல் கேம்பிரிட்ஜில் ட்ரூரி, சென்ட்-ஜியோர்ஜி என்ற இருவர் இதயத் தசையிலிருந்து பிரித்தெடுத்த அடினைன் சேர்வைகளை விலங்குகளில் செலுத்தி, இதயத்துடிப்பு மந்தமாவதைக் கண்டார்கள். அதே வருடம் பிறந்த ஜெஃப்ரி பேர்ன்ஸ்டொக் 1972இல் பியூரின்களை வெளியிட்டுச் செய்தி சொல்லும் நரம்புகள் உண்டு என்று எழுதினார். பலர் நீண்டகாலம் ஏற்கவில்லை. சக்தி நாணயத்தை யாராவது செய்திக்காகச் செலவழிப்பார்களா என்ற ஐயம். 1978இல் அவர் கலங்களில் இந்தச் செய்தியைப் பெறும் வாங்கிகளை இரண்டாகப் பிரித்தார்: அடினோசினுக்குப் பி1, ஏ.ரி.பிக்கும் அது ஒரு பொசுபேற்றை இழந்த வடிவமான ஏ.டி.பிக்கும் பி2. இன்று அடினோசின் வாங்கிகள் நான்கு, பி2எக்ஸ் ஏழு, பி2வை எட்டு என அறியப்பட்டுள்ளன. மாரடைப்பு வந்தவர்களுக்கு நாங்கள் நாள்தோறும் கொடுக்கும் குளோபிடோகிரெல் அடைப்பது, குருதிச் சிறுதட்டுகளிலுள்ள பி2வை12 என்ற ஏ.டி.பி வாங்கியைத்தான்.

எங்கள் நோயாளிக்கு வேண்டியிருந்தது ஏ1 வாங்கி. கணுவின் கலங்களில் அடினோசின் இதில் அமர்ந்தால் பொற்றாசியக் கால்வாய்கள் திறக்கும், கல்சியம் உள்ளே வருவது குறையும், கணத்தாக்கம் சில வினாடி தடைப்படும். வட்டம் ஓரிடத்தில் அறுந்தால் போதும். இயல்பான துடிப்பு மீண்டுவிடும். செங்குழியங்களும் குருதிக்கலன் சுவர்க் கலங்களும் அடினோசினை உடனே உறிஞ்சி எடுத்துவிடுவதால் அதன் அரைவாழ்வு பத்து வினாடிக்கும் குறைவு. ஊசியை அவ்வளவு வேகமாகச் செலுத்துவது இதனால்தான்.

சொப்பின் பையில் இருந்தது

மகள் ஒரு சொப்பின் பையோடு வந்திருந்தார். அதற்குள் கிளினிக் கொப்பி, தியோபிலின், பம்ப், பாதி முடிந்த சிப்ரோபுளொக்சசின் அட்டை. நான் கொப்பியைப் புரட்டும்போது ஐயா சொன்னார்: “சுருட்டை விட்ட நாளிலயிருந்து ஒரே அந்தரம், தம்பி. நித்திரை எண்டதே இல்லை. சோறு மணந்தாலே ஓங்காளிக்குது.”

தியோபிலினும் ஒரு பியூரின் வழித்தோன்றல்தான். 1888இல் ஜேர்மானியரான அல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்து அதைப் பிரித்தார். அடினோசினின் அடிக்கூறான அடினைனை 1885இல் மாட்டுக் கணையத்திலிருந்து பிரித்தவரும் அவரே. தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனுக்கும் தியோபிலினுக்கும் ஒரேயொரு மெதைல் கூட்டம்தான் வித்தியாசம். உருவ ஒற்றுமையால் இவை அடினோசின் வாங்கிகளில் போய் அமர்கின்றன, ஆனால் எதையும் சொல்வதில்லை. திருவிழாப் பந்தலில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்தால் வந்தவர் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். நாங்கள் செலுத்திய 18 மில்லிகிராமும் அப்படி நின்றுவிட்டுக் கரைந்துபோயிருக்கிறது.

ஆனால் இவர் வருடக்கணக்கில் அதே அளவைத்தானே எடுத்தார்? விடை சுருட்டில் இருந்தது. தியோபிலினை உடைப்பது ஈரலிலுள்ள சிவைபி1ஏ2 என்ற நொதியம். புகையிலைப் புகையிலுள்ள பல்வளைய ஐதரோகாபன் சேர்வைகள் அந்த நொதியத்தைக் கூட்டிவிடும். நிக்கொட்டினுக்கு இதில் பங்கில்லை. புகைப்பவர் உடலில் தியோபிலினின் அரைவாழ்வு நான்கைந்து மணித்தியாலம், புகைக்காதவரில் எட்டளவு. புகை நின்று ஒரு கிழமைக்குள் நொதியம் குறையத் தொடங்கும், மருந்து தேங்கும். அதற்கு மேல் சிப்ரோபுளொக்சசின், மிஞ்சியிருந்த நொதியத்தையும் தடுத்துவிடும்.

அந்தரம் என்று எல்லோரும் சொன்னதை அப்போதுதான் திரும்பப் பார்த்தேன். சுருட்டை விட்டவருக்கு நித்திரை கெடலாம், எரிச்சல் வரலாம். ஆனால் பசி கூடும். நாடி சற்று இறங்கும். இவருக்குப் பசி செத்து, ஓங்காளமும் நடுக்கமும் வந்திருந்தன. இவை தியோபிலின் மிகுதியின் குறிகள். நித்திரையின்மையும் அதே கதைதான்: விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து நித்திரைக்கு அழைக்கும், வாங்கி அடைபட்டிருந்தால் அழைப்பு கேட்காது.

குருதியில் தியோபிலின் அளவை அன்றிரவு எங்களிடம் அளக்க வழியில்லை. எனவே இந்த முடிவு குறிகளையும் மருந்துப் பட்டியலையும் பிற்பாடு நடந்ததையும் கொண்டு எட்டியது.

இரண்டாவது முடிவு

மூன்றாவது, பெரிய அளவு அடினோசின் கொடுக்கலாமா என்று பேசினோம். போட்டிக்கு அமரும் தடுப்பானை அளவைக் கூட்டி வெல்ல முடியும் என்பது கோட்பாட்டில் சரி. ஆனால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தெரியாமல், இழுப்பு உள்ளவரில் முயல எனக்கு மனமில்லை. துடிப்பைக் குறைக்கும் பீற்றாத் தடுப்பான்கள் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால் விலக்கினோம். அமுக்கம் விழுந்தாலோ அறிவு மங்கினாலோ மின் அதிர்ச்சிதான் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் தயாராக வைத்தோம்.

வெரபமில் என்ற மருந்தைத் தெரிவுசெய்தோம். அடினோசின் வாங்கியோடு அதற்குத் தொடர்பில்லை. கணுவின் கல்சியக் கால்வாயை நேரே அடைக்கும். பீற்றாத் தடுப்பான் எடுக்காதவர், இதயத் தளர்ச்சியின் குறி இல்லை, அலைகள் ஒடுங்கியவை என்பதை உறுதிசெய்துவிட்டு 2.5 மில்லிகிராமை மூன்று நிமிடத்தில் மெல்லச் செலுத்தினோம். மாற்றமில்லை. பத்து நிமிடம் கழித்து மேலும் 2.5. அது முடியும் தறுவாயில் துடிப்பு ஒருமுறை தயங்கி, 108இல் இயல்பான லயத்துக்கு வந்தது. அமுக்கம் 92/60 வரை இறங்கி, சேலைன் ஏற்றியதும் அரை மணித்தியாலத்தில் மீண்டது. வெரபமில்லும் தியோபிலினின் வெளியேற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் அதைத் தொடரவில்லை.

தியோபிலினையும் சிப்ரோபுளொக்சசினையும் நிறுத்தினோம். ஓங்காளத்தை அடக்கிவிட்டுச் செயற்படுத்திய கரி 50 கிராம், பிறகு நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 25 கிராம் என மூன்று தரம். குருதியிலுள்ள தியோபிலின் குடலுக்குள் திரும்பக் கசியும். கரி அதைப் பிடித்துக்கொள்ளும். ஐயா கறுத்தத் தண்ணியைக் கண்டு முகத்தைச் சுளித்தாலும் ஒவ்வொரு முறையும் குடித்து முடித்தார். குருதியில் பொற்றாசியம் 3.2 ஆகக் குறைந்திருந்தது, கவனமாக நிரப்பினோம். வலிப்பு வருமா என்று 24 மணித்தியாலம் கண்காணித்தோம். மூளையில் அடினோசின் வலிப்பை அடக்கும் காவல்களில் ஒன்று. அதை அடைத்துவைக்கும் மருந்து மிகும்போது வலிப்பு வந்தால் கட்டுப்படுத்துவது கடினம்.

பின்னர்

முதல் இரவு நடுக்கம் தொடர்ந்தது. அடுத்த நாள் மாலை நாடித்துடிப்பு 90க்கு வந்தது. இரண்டாம் இரவு அவர் விடியும்வரை நித்திரை கொண்டார். காலையில் மகள் வாட்டு வாசலில் நின்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா குறட்டை விடுவதைக் கேட்டாராம். மூன்றாம் நாள் சோறும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டார்.

சிறுநீர் அறிக்கைப்படி வேறு மருந்து கொடுத்தோம். மூச்சுச் சோதனை, இவருடையது நாட்பட்ட அடைப்பு நோய் என்று காட்டியது. பம்ப் அடித்த பின்னும் பெரிய மாற்றமில்லை. தியோபிலினுக்குப் பதில் நீடித்து வேலைசெய்யும் மூச்சு மருந்து தொடங்கி, அதை இழுக்கும் முறையைத் தாதி மூன்று தரம் செய்துகாட்டினார். நான்காம் நாள் வீடு சென்றார். போகும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப நான் சுருட்டை விட்டது பிழையில்லைத்தானே?” பிழையில்லை ஐயா, நாங்கள் குளிசையைக் குறைக்காததுதான் பிழை என்று சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்றே இன்றும் நினைக்கிறேன். துடிப்பு மீண்டும் வரக்கூடும் என்பதையும், குழாய் செலுத்திக் கணுவின் அருகிலுள்ள பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சை உண்டு என்பதையும் விளக்கினோம். யோசித்துச் சொல்வதாகக் கூறினார்.

எதை மாற்றினோம்

தியோபிலின் எடுக்கும் ஒருவரிடம் ‘புகையை விடுங்கோ’ என்று சொல்பவர், அதே மூச்சில் ‘விட்டவுடன வந்து சொல்லுங்கோ’ என்றும் சொல்ல வேண்டும். முழுதாக விட்ட ஒரு கிழமைக்குள் அளவை நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைப்பது வழக்கமான அறிவுரை. நாங்கள் விடச் சொன்னோம், அளவைப் பார்க்கவில்லை. இப்போது கிளினிக் கொப்பியில் புகைப்பழக்கத்தை மருந்துப் பக்கத்திலேயே எழுதுகிறோம். முன்பு அது முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதப்பட்டு மறக்கப்படும்.

அடினோசின் இருக்கும் தட்டில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருக்கிறோம்: தொய்வா? தியோபிலினா? தேத்தண்ணி, கோப்பி எப்போது? டைபிரிடமோலா? கார்பமசபீனா? கடைசி இரண்டும், அதாவது குருதி உறைவைத் தடுக்கும் மருந்தும் வலிப்பு மருந்தும், எதிர்த் திசை ஆபத்துகள். டைபிரிடமோல் அடினோசினைக் கலங்கள் உறிஞ்சுவதைத் தடுப்பதால் சிறிய அளவே பெரிதாக வேலை செய்யும். இவற்றை எடுப்பவர்களுக்கு 3 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் விருந்தாளி வாசலில் கால் வைத்ததும் தேத்தண்ணி வரும். நெஞ்சு படபடத்தால் அதற்கும் ஒரு தேத்தண்ணி கொடுப்பார்கள். நான்கு மணித்தியாலத்துக்குள் குடித்த கஃபீன் அடினோசினின் பலனைக் குறைக்கும் என்பது அவசரப் பிரிவு ஆய்வொன்றில் காட்டப்பட்டிருக்கிறது. எனவே அந்தக் கேள்வியை நாங்கள் சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை.

ஐந்து மாதம் கழித்து

ஒரு வெயில் நேரத்துப் பிற்பகல், இரண்டு மணியளவில் அதே ஐயா அதே படபடப்போடு வந்தார். நாடித்துடிப்பு 178. சுருட்டு இல்லை, தியோபிலின் இல்லை, இழுப்பும் இல்லை. இம்முறை பதினைந்து வினாடி முழுதாக ஊதினார். காலை உயர்த்தியும் துடிப்பு இறங்கவில்லை.

“கடைசியாத் தேத்தண்ணி எப்ப குடிச்சனீங்கள், ஐயா?”

“விடிய ஆறு மணிக்கு. பிறகு ஒண்டும் குடிக்கேல்லை.”

நெபுலைசரைப் பக்கத்தில் வைத்துவிட்டு 6 மில்லிகிராம் செலுத்தினோம். பதினைந்து வினாடிக்குள் முகம் சிவந்தது. “நெஞ்சை ஆரோ அமத்திற மாதிரி” என்று என் கையைப் பிடித்தார். திரையில் மூன்று வினாடி வெறும் கோடு. பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, 84இல் ஒழுங்கான லயம். மூச்சில் இழுப்பு வரவில்லை. அன்றிரவே, சுடும் சிகிச்சைக்குப் பெயர் கொடுக்கச் சம்மதித்தார்.

அவரது கோவையில் இரண்டு இசிஜி நாடாக்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றின் கீழ் ‘அடினோசின் 6, 12: மாற்றமில்லை, தியோபிலின், சிப்ரோ, சுருட்டு விட்டு 5 கிழமை’ என்று எழுதியிருக்கிறது. மற்றதன் கீழ் ‘அடினோசின் 6: நின்றது, தேத்தண்ணி காலை 6 மணி’.